எதிர் வீட்டுச் சாவி

எங்கள் பிளாக்குக்குக் கையில் ஃபைலோடு யார் வந்தாலும் நாங்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: தெரியாது. பேங்க்கிலிருந்து வருகிறவன், கரண்டு ஆபீஸ்காரன், குடும்பக் கணக்கெடுக்க வருகிறவன், எல்லாருக்கும் அதே தெரியாதுதான். பத்து வருஷமாக எதிர்க் கதவில் குடியிருப்பவளைப் பற்றிக் கேட்டாலும் கண் இமைக்காமல் சொல்லுவோம். இதை யாரும் எங்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. திருவொற்றியூரில் ஹவுசிங் போர்டு பிளாக்கில் மூன்றாவது மாடியில் கொஞ்ச காலம் இருந்தால் தானாக வந்துவிடும்.

இதில் சோஷியல் ஒர்க்கர்களுக்கு என்று தனியாக ஒரு கெட்டியான தெரியாது உண்டு. அதற்குக் காரணம் நான். என் கதையைக் கேட்டுக் கேட்டுத்தான் எங்கள் ஜனங்களுக்கு அவர்களைக் கண்டாலே ஆகாமல் போனது.

அந்தக் கதை இதுதான். என் வீட்டுக்காரர் தவறிப்போன வருஷம், ஏழாவது படித்துக்கொண்டிருந்த என் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினேன். வண்ணாரப்பேட்டையில் நைட்டி தைக்கும் ஓர் இடத்தில் நான் மிஷினில் உட்காருவேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து நூல் வெட்டுவாள். வீட்டுக்கு வந்த பிறகும் தூக்கம் வரும்வரை இரண்டு பேரும் தைப்போம். ஒரு நாள் யாரோ போன் பண்ணிச் சொல்லிவிட்டார்கள். அதிகாரிகளும் போலீசும் கூடவே ஒரு சோஷியல் ஒர்க்கர் பெண்ணும் வந்து, அங்கே இருந்த பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். என் மகளை ஒரு ஹோமில் பதினோரு நாள் வைத்திருந்தார்கள். இடுப்புவரை முடியோடு போனவள், கழுத்தோடு வெட்டிய முடியோடு திரும்பி வந்தாள். பேன் இருந்ததாம்.

அந்த முடியை எண்ணெய் வைத்து, சீயக்காய் போட்டு நான் வளர்த்த பாடு எனக்குத்தான் தெரியும். அன்று சாயங்காலமே தண்ணி லாரிக்குக் குடம் வைத்து நின்ற வரிசையில் மாரில் அடித்துக்கொண்டு அழுதேன். "சோசியல் ஒர்க்குன்னு சொல்லிகினு வந்து எம்பொண்ண இட்டுகினு போயி, மொட்ட அட்ச்சு அனுப்பிட்டாங்கமா!" என்றேன். மொட்டை இல்லை, கழுத்துவரை முடி இருந்தது. ஆனால் அழும்போது டேப் வைத்து அளந்தா பேச முடியும்? நாலாவது பிளாக்குக்குப் போய்ச் சேர்வதற்குள் பிள்ளைக்குச் சூடும் வைத்ததாக ஆகிவிட்டது. நான் மறுக்கவில்லை. ஊரே என் பக்கம் நிற்பது அப்போது எனக்கு வேண்டியிருந்தது.

சொல்லாமல் விட்டதும் கொஞ்சம் இருக்கிறது. அதே சோஷியல் ஒர்க்கர்தான் மகளைப் பஸ்ஸில் திரும்பக் கூட்டி வந்தாள். அவளேதான் பள்ளிக்கூடத்துக்கும் எங்கள் வீட்டுக்குமாக ஏழெட்டுத் தடவை அலைந்து, மகளை மறுபடி சேர்த்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் நான் கதவைப் பாதிதான் திறந்தேன். இதைத் தண்ணி வரிசையில் நான் சொன்னதே கிடையாது. என் மகள் படித்து, இப்போது ராயபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள்.

எதிர் வீட்டுக்காரி என்னைவிட எட்டு வயது சின்னவள், என்னை அக்கா என்பாள். விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, தெருத்தெருவாக விற்றுவிட்டு மத்தியானம் வருவாள். அவள் புருஷன் துறைமுகத்தில் கன்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்கும் ஒப்பந்த வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். கூட வேலை பார்த்த ஒருவர் இவர் கண்ணெதிரே நசுங்கிச் செத்துப்போனார். அன்றிலிருந்து இவர் வேலைக்குப் போவதில்லை, பேச்சும் நின்றுபோயிற்று. இரண்டு தடவை எண்ணூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே போய் நின்று, கையைக் காட்டி அவற்றை நிறுத்தப் பார்த்தார். அதற்கப்புறம் அவள் மீனுக்குப் போகும்போது அவரை உள்ளே வைத்துப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவாள். பத்து மணிக்கு நான் திறந்து, டீயும் பன்னும் கொடுத்துவிட்டு, மறுபடி பூட்டுவேன்.

ஒரு மனுஷனை உள்ளே வைத்துப் பூட்டுவது சரியா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவள் மீனுக்குப் போகாவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்பது மட்டும் தெரியும்.

போன மாதம் ஒரு நாள் பதினோரு மணி இருக்கும். நைட்டித் துணிக் கட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டு வாசலோரம் மிஷினில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தாள். காட்டன் சுடிதார், கழுத்தில் அடையாள அட்டை, மார்போடு அணைத்த ஃபைல். எதிர்க் கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இந்த வீட்ல இருக்கறவங்க எங்கம்மா? நான் சோஷியல் ஒர்க்கர். அவங்களைப் பார்க்கணும்."

எனக்கு உச்சந்தலைக்குச் சுர்ரென்று ஏறியது. எவளோ போன் பண்ணிவிட்டாள். புருஷனைப் பூட்டி வைத்திருக்கிறாள் என்று போட்டுக் கொடுத்துவிட்டாள். நாளைக்கு வேன் வரும், போலீஸ் வரும், அவரை எங்கேயாவது கொண்டுபோய்ப் போட்டுவிட்டு இவள்மேல் கேஸ் எழுதுவார்கள். என் மகளை ஏற்றிக்கொண்டு போன வேன் கண் முன்னால் வந்து நின்றது. சாவி மிஷின் பலகையில் கிடந்தது. ஒரு துணியை எடுத்து அதன்மேல் போட்டேன்.

"அவங்களா? காலி பண்ணிகினு போய்ட்டாங்கமா."

"எப்போ?"

"ஆவுது ஒரு மாசம்."

"எங்கே போனாங்கன்னு தெரியுமா?"

"தெரியாது."

அந்த நேரம் பார்த்து உள்ளே அவர் இருமினார். நான் சட்டென்று மிஷின் பெடலை அழுத்தினேன். துணியே இல்லாமல் ஊசி தடதடவென்று ஓடியது. அந்தப் பெண் ஏதோ கேட்டாள், காதில் விழவில்லை என்று கையை ஆட்டினேன். அவள் பூட்டை இன்னொரு தடவை பார்த்து, ஃபைலில் எதையோ எழுதிக்கொண்டாள். நான் பெடலிலிருந்து காலை எடுத்ததும், "கொஞ்சம் தண்ணி கிடைக்குமாம்மா?" என்றாள். சொம்பு நிறையக் கொடுத்தேன். மூன்று மாடி ஏறி வந்தவளுக்குத் தண்ணி இல்லையென்று சொல்லும் அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரி இல்லை.

அவள் இறங்கிப் போன பிறகு எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று என் மகளுக்கு இப்படிச் செய்ய ஒருத்தரும் இல்லை, இவளுக்கு நான் இருந்தேன் என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானம் எதிர் வீட்டுக்காரி வந்ததும் சாவியை மட்டும் கொடுத்தேன். ஏற்கெனவே நொந்து கிடப்பவளை எதற்குப் பயமுறுத்த வேண்டும் என்று மற்றதைச் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவள் புருஷன் சுவரில் மண்டையை முட்டிக்கொண்டார். நெற்றியில் மூன்று தையல். மறுநாள் சாயங்காலம் தண்ணி லாரி வந்தபோது வரிசையில் எல்லாருக்கும் அதே பேச்சுதான்.

"யாராண்டனா சொல்லி வைத்தியம் பாக்கக் கூடாதாமா?" என்று கீழ் வீட்டு பாயம்மா அவளைக் கேட்டார்.

"கேக்காமயா கீறேன்?" என்றாள் அவள். "மார்க்கெட்ல ஒரு அம்மா நம்பர் குட்த்தாங்க. என் போனு ரிப்பேரு, அவங்க போன்லயே பேசினேன். சோசியல் ஒர்க்கரு வூட்டாண்ட வந்து பாப்பாங்க, டாக்டராண்ட இட்டுகினு போவாங்கன்னாங்க. நானும் இன்னிக்கு வருவாங்க நாளைக்கு வருவாங்கன்னு பாத்துகினே கீறேன். ஒருத்தரும் வர்ல."

வரிசை பற்றிக்கொண்டது. "அவங்க அப்டித்தான். புள்ளய புடுங்கணும்னா ஓடியாருவாங்க, நல்லதுக்கு வர மாட்டாங்க. இந்தா, அக்காவையே கேளு!" என்று என்னைக் காட்டினார்கள். என் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"போன் பண்ணத என்னாண்ட ஏண்டி சொல்லல?" என்றுதான் கேட்க வந்தது.

"உன்னாண்ட எப்டிக்கா சொல்றது? அவங்க பேரக் கேட்டாலே நீ சாமி வந்தா மாதிரி ஆடுவியே."

வீட்டுக்கு வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவள் அறிந்தவரை யாரும் வரவில்லைதான். இனி அவள் கூடையை இறக்கி வைக்கும் ஒவ்வொரு வாசலிலும் அதைச் சொல்லுவாள், கேட்கிறவர்களும் நம்புவார்கள். என் மொட்டைக் கதையையே நம்பினவர்கள் இதை நம்ப மாட்டார்களா?

லேபிலிருந்து வந்த மகளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கைப்பையைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டாள்.

"அந்தப் பதினோரு நாளப் பத்தி ஊருக்கெல்லாம் சொன்னியேமா. என்ன ஒரு தபா கேட்டியா?"

"இன்னாடி கேக்கணும் அதுல?"

"மொத ரெண்டு நாள் அழுதேன். முடி வெட்டுன அன்னிக்கு சோறே எறங்கல. அதுக்கப்பால நல்லா தூங்கினேன். அங்க மிஷின் சத்தமே இல்ல."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்டின்னா இன்னா? என்னாண்டருந்து உன்ன காப்பாத்தி இட்டுகினு போனாங்கன்றியா?"

"நான் அப்டியா சொன்னேன்?"

"பின்ன எப்டி?"

"எனுக்கும் தெர்லமா," என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டாள்.

அன்று இரண்டு பேரும் சாப்பிட்டோம், டிவி பார்த்தோம், ஆனால் எனக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை. அன்று வேனில் வந்த அந்தப் பெண்ணை இத்தனை வருஷமாகக் கரித்துக்கொட்டியிருக்கிறேன். இப்போது கையெடுத்துக் கும்பிட வேண்டுமா? முடியை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. மகள் தூங்கினாள் என்பதை நினைத்தால் வேறு மாதிரி எரிகிறது. இரண்டில் எதைப் பிடித்துக்கொள்வது என்று எனக்குப் புரியவே இல்லை. ஆனால் எதிர்க் கதவுக்குப் பின்னால் ஒரு மனுஷன் நெற்றியில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். எனக்குப் புரிகிறவரை அவரைக் காத்திருக்கச் சொல்ல முடியாது.

மறுநாள் மத்தியானம் அவள் காலிக் கூடையோடு மாடி ஏறி வந்து சாவிக்குக் கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.

"அவங்க வந்தாங்கடி," என்றேன். "நான்தான் நீ காலி பண்ணிகினு போய்ட்டன்னு சொல்லி அனுப்சிட்டேன். உன் மேல கேஸு போட வந்தாங்கன்னு நென்ச்சேன்."

அவள் படியில் உட்கார்ந்தாள். கூடை கையிலேயே இருந்தது.

"அவரு மண்டைய முட்டிகினாரே, அதுக்கு முன்னாடியா?"

"முன்னாடிதான். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி."

அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மீன் விற்கிறவளுக்கு வாய்க்கா பஞ்சம்? ஆனால் அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, மீன் வாடை வீசும் ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து என் மிஷின்மேல் வைத்தாள். "நீயே பேசு," என்றாள்.

என் போனிலிருந்து கூப்பிட்டேன். விஷயத்தைச் சொல்லி, பிளாக் நம்பரையும் வீட்டு நம்பரையும் சொன்னதும், கொஞ்சம் இருக்கச் சொல்லி வேறொருவரிடம் கொடுத்தார்கள். குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது, என்னிடம் தண்ணி வாங்கிக் குடித்த அதே பெண்.

"அந்த வீட்டுக்கு நான் வந்தேனேம்மா. ஒரு மாசம் முன்னாடியே காலி பண்ணிட்டதா எதிர் வீட்டம்மா சொன்னாங்க. அந்த வீட்டுக்காரம்மா பேசின நம்பருக்கும் திருப்பிக் கூப்பிட்டேன். அப்படி யாரும் இல்லை, தெரியாதுன்னு வச்சுட்டாங்க. நீங்க யாரும்மா பேசறது?"

மார்க்கெட்டிலும் அதே தெரியாதுதான். படியில் உட்கார்ந்திருந்தவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவர்கள் வந்தால் அவருக்கு டாக்டர் கிடைப்பாரா, இல்லை வேன் வருமா, எனக்கு அப்போதும் தெரியவில்லை.

"எதிர் வூட்டம்மாதான் பேசறேன்," என்றேன்.

என்ன வந்தாலும் வாங்கிக்கொள்வோம் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவள் கேட்டது இதுதான்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு வரேன்மா. வீடு திறந்திருக்குமா?"

"தொறந்திருக்கும்மா. சாவி என்னாண்டதான் கீது."