பொட்டு வைத்த உளி

அக்ரிலிக் கட்டையைச் சில்லு பெயராமல் கடைவதைப் பெரிய வித்தை என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். உளி கூராக இருந்தால் கழுதைகூடக் கடைந்துவிடும். கூரான உளிக்குக் கட்டை சீறிக்கொண்டு நீளச் சுருளாக உரியும். மழுங்கின உளிக்குக் கடகடவென்று அதிரும், தூள் கொட்டும், கடைசியில் ஓரத்தில் நகக்கண் அளவுக்குத் தெறித்துவிடும். அந்தப் பள்ளத்தை எந்த மெருகும் மறைக்காது. இரண்டு பேனாவுக்கு ஒரு தடவை உளியைக் கல்லில் வைக்க வேண்டும். அவ்வளவுதான் தொழில்.

இது அவருக்கும் தெரியும். என்னைவிட நன்றாகவே தெரியும். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மலாக்காவில், காஜா பெராங்கில் ஒரு சீனத் தவுக்கேயின் பேனாக் கடை. தவுக்கே என்றால் முதலாளி. வெள்ளைக்காரன் கொடி இறங்கி நாட்டுக் கொடி ஏறிய வருடம். எழுதத் தெரிந்தவன் தெரியாதவன் எல்லாரும் சட்டைப் பையில் பேனா குத்திக்கொள்ள ஆசைப்பட்ட காலம். கடையின் பின்கட்டில் காலால் மிதிக்கும் லேத் இரண்டு. ஒன்றில் நான், மற்றதில் அவர்.

அவர் மலாக்கா செட்டி, பல தலைமுறைக்கு முன்னால் வந்து மலாயே வீட்டுப் பேச்சாகிப்போன தமிழ் வம்சம். நெற்றி நிறையத் திருநீறு, வாயைத் திறந்தால் மலாய். சாமி, பூசை, அண்ணே என்று நாலைந்து வார்த்தைக்கு மேல் தமிழ் தேறாது. என்னைவிட ஆறு வயது மூத்தவர், ஆனாலும் என்னைத்தான் அண்ணே என்பார். தமிழ் தெரிந்தவன், தேவாரம் சொல்லத் தெரிந்தவன் என்று மரியாதை. நான் திருத்தவில்லை. "சாமிக்கு மலாய் தெரியுமா? நீங்க கேக்குறது யாருக்குப் போய்ச் சேரும்?" என்று கேலி செய்வேன். சிரிப்பார். பிறகு லேத்தை நிறுத்திவிட்டு அதையே யோசித்துக்கொண்டிருப்பார். அதைப் பார்க்க எனக்குச் சுகமாக இருக்கும்.

அவர் மனைவி இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுத்த படுக்கை. வீடு கடைக்குப் பின்னால் இரண்டாவது சந்து. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவர் எழுந்து போய் அந்த அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு வருவார். புரட்டாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். தவுக்கே அதைக் கண்டுகொள்ளமாட்டார். அப்படிக் கண்டுகொள்ளாத முதலாளி மலாக்காவில் வேறு கிடையாது.

அந்தத் தவுக்கேதான் மோட்டார் லேத் வாங்கினார். வாங்கிய கையோடு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு ஒரு விரலைக் காட்டினார். "சத்து ஒராங் சாஜா." ஒரு ஆள்தான் இனி. சரஸ்வதி பூசை முடிந்த மறுநாள் காலையில் ஆளுக்கு ஆறு பேனா கடைய வேண்டும். யாருடையதில் சில்லு இல்லையோ அவனுக்கு வேலை.

நான் கட்டைப் பிரம்மச்சாரி. செமாபோக்கில் ஒரு மரக்கடையில் எப்போது போனாலும் எனக்கு இடம் உண்டு. அவருக்கு இதை விட்டால் சிங்கப்பூர்க் கப்பல் துறைதான். அப்புறம் அந்த அம்மாவை யார் புரட்டுவது? எல்லாம் எனக்குத் தெரியும்.

பூசையை நான்தான் செய்தேன். உளிகளைக் கழுவி, வாழையிலையில் வரிசையாக வைத்து, முனையில் சந்தனம் பூசிக் குங்குமப் பொட்டு வைத்தேன். என்னிடம் மூன்று உளிகள். அவரிடம் ஒன்றுதான், பழைய அரத்தைத் தட்டி அவரே செய்தது. அவர்கள் வீட்டில் அம்மனுக்குச் செய்வதெல்லாம் குறைவில்லாமல் செய்வார்கள், ஆனால் ஆயுதங்களுக்குப் பூசை போட்டுப் பழக்கமில்லை. கற்பூரம் காட்டும்போது கண்ணை மூடி அழுதார்.

மறுநாள் காலை உளியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். முனையில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. "அண்ணே, அசா போலே கா?" தீட்டலாமா என்று கேட்டார்.

நான் அவருக்கு முன்னாலேயே வந்து என் மூன்று உளிகளையும் தீட்டி, மேலே புதிதாகச் சந்தனமும் பொட்டும் வைத்து முடித்திருந்தேன்.

"ஐயோ, அது சரஸ்வதி அம்மாவுக்கு வச்ச பொட்டு. தானா உதிரணும். அதுக்குள்ள கல்லுல வச்சீங்கன்னா அவ மூஞ்சியக் கல்லுல தேச்ச மாதிரி" என்றேன். புரியாமல் போய்விடக் கூடாதே என்று மலாயிலும் ஒருமுறை சொன்னேன்.

அவர் என் உளிகளைப் பார்த்தார். மூன்றிலும் பொட்டு இருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

அன்றைக்கு அவர் கடைந்ததைப் போல் யாரும் கடைந்து நான் பார்த்ததில்லை. மழுங்கின உளியை வைத்துக்கொண்டு மயிரிழை மயிரிழையாகச் சீவினார். கட்டைமேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுச் சூட்டைத் தணித்தார். நான்கு பேனாக்கள் பழுதில்லாமல் வந்தன. எனக்கு அந்த உளியில் ஒன்றுகூட வந்திருக்காது. ஐந்தாவது, முடியப்போகிற நேரத்தில் ஓரத்தில் தெறித்தது. கல்லைத் திரும்பிப் பார்த்தார். கல் அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. பிறகு உளி முனையிலிருந்த சந்தனத்தைப் பார்த்தார். ஆறாவது கட்டையை எடுத்து மாட்டினார். அதுவும் தெறித்தது.

தவுக்கே ஜன்னல் வெளிச்சத்தில் எல்லாவற்றையும் உருட்டிப் பார்த்துவிட்டு என்னைக் காட்டினார்.

மறுநாளே சிங்கப்பூருக்குக் கிளம்பினவர், போகிற வழியில் வந்து உளியை என்னிடம் கொடுத்தார். பொட்டு இன்னும் பாதி இருந்தது. அங்கே மூட்டை தூக்கப் போகிறவனுக்கு உளி எதற்கு, தமிழ் தெரிந்த கையில் இருக்கட்டும் என்றார். அவர் சந்து முனையைத் தாண்டுவதற்குள் அதைக் கல்லில் வைத்துவிட்டேன். நல்ல எஃகு. என் மூன்றையும் தூக்கிப் போட்டுவிட்டு அதையே வைத்துக்கொண்டேன்.

அந்த அம்மாவைத் தன் தங்கை வீட்டில் விட்டுப் போயிருந்தார். அவளுக்கும் நாலு பிள்ளைகள், அடுப்பு, வேலை. அடுத்த பூசைக்கு முன்னாலேயே முதுகுப் புண்ணில் சீழ் வைத்து அந்த அம்மா செத்துப்போனது.

காரியம் முடிந்து சிங்கப்பூருக்குத் திரும்பும் முன் கடைக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். லேத்தில் கிடந்த உளியை எடுத்துக் கட்டைவிரலால் முனையைத் தடவினார். தீட்டித் தீட்டி ஒரு விரற்கடை தேய்ந்திருந்தது. தொழில் தெரிந்தவர், உடனே கண்டுகொண்டார்.

"பொட்டு?" என்று கேட்டார்.

"தானாவே உதிர்ந்துருச்சு" என்றேன்.

எப்போது என்று மலாயில் கேட்டார். பொய்யை யோசிக்க நேரமில்லை. "நீங்க போன மறுநாளே."

விரல்விட்டு எண்ணினார். பூசை, பந்தயம், அவர் கப்பலேறிய நாள், அதற்கு மறுநாள். நான்கு விரல்கள். அந்த நான்கையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அம்பாட் ஹாரி சாஜா, அண்ணே" என்றார். நாலே நாள்தான். பந்தயத்துக்குத் தவுக்கே நாலு நாள் பொறுத்திருந்தால் போதும், பொட்டு உதிர்ந்திருக்கும், அவள் இருந்திருப்பாள்.

"ஆமா" என்றேன்.

உளியைக் கண்ணில் ஒற்றி என்னிடமே திருப்பிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு, பாதியில் நின்ற பேனாவைக் கடைய உட்கார்ந்தேன். அதில் ஒரு சில்லுகூடப் பெயரவில்லை.