கேட் திறந்தும் நகராத வண்டி

காலை 5.40. வேலூர், சத்துவாச்சாரி. வீட்டைப் பூட்டிவிட்டு வந்த சுமதி ஒரு காலைத்தான் காருக்குள் வைத்திருந்தாள். இன்னொரு கால் தெருவில் இருக்கும்போதே நான் வண்டியை நகர்த்திவிட்டேன். "ஏற விடுங்க முதல்ல" என்றாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடமாக ஸ்கூட்டரிலும் பழைய காரிலும் இந்தப் புதுக் காரிலும் அவள் சொல்லிவரும் வாக்கியம் இது. வழக்கம்போல அன்றும் எனக்கு அது காதில் விழுந்ததோடு சரி. சென்னையில் தங்கை வீட்டுக்குப் போகிறவளைக் காட்பாடி ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, ஆயிரம் ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு மேற்கே திரும்பினேன்.

போகும் இடம் கோலார் தங்க வயல். அங்கே நந்திதுர்க் சுரங்கத்தை ஒட்டிய குடியிருப்பில் என் அக்கா கலா இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் ஏழுமலை மாமா, சுரங்கம் மூடப்பட்டபின் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒன்றரை வருடத்துக்கு முன் பள்ளிக்காரர்கள் வேனை விற்றுவிட்டார்கள். அன்று முதல் ஐம்பத்தேழு வயதில் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். வேலை இல்லாத மனிதரோடு ஒரே வீட்டில் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அக்கா போனில் சொல்லும்போதெல்லாம் பின்னாலிருந்து அவர் இருமுவது கேட்கும். இப்போது ஒரு வழி பிறந்திருந்தது. அக்காவின் ஊரிலிருந்து தினமும் போய்வந்து பெங்களூரு ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் வேலை பார்க்கும் கவிதாவும் அவள் தோழிகள் இருவரும் ரயிலோடு போராடிச் சலித்து, சேர்ந்து ஒரு கார் வாங்கப் போகிறார்கள். நல்ல டிரைவர் தேவை. அவர்கள் பார்த்து வைத்திருப்பது நான் நான்கு மாதத்துக்கு முன் வாங்கிய அதே வண்டி. "ஒருநாள் எடுத்துக்கினு வாடா, மாமா ஓட்டுறத அந்தப் பொண்ணு ஒரு தடவ பாக்கணும்னு சொல்லுது" என்று அக்கா அழைத்ததுதான் இந்தப் பயணத்துக்குக் காரணம்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான்கு மீட்டருக்குள் அடங்கும் சின்ன எஸ்யூவி, மைல்டு ஹைப்ரிட். பெயரைப் பார்த்து இது மின்சாரத்தில் ஓடும் என்று நினைப்பவர்கள் உண்டு. என் தெருவில் ஒருவர் சார்ஜர் எங்கே என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஓடுவது பெட்ரோலில்தான். ஒரு சின்ன மோட்டார், கிளம்பும்போதும் ஏறும்போதும் இன்ஜினுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும். வேகம் குறைக்கும்போது வீணாகும் சக்தியை ஒரு சின்ன பேட்டரியில் சேர்த்துவைக்கும். நிற்கும் இடத்தில் நியூட்ரலுக்கு மாற்றி கிளட்சை விட்டால் இன்ஜின் தானே அணைந்துவிடும். கிளட்சை மிதித்தால் முனகாமல் உயிர்த்துக்கொள்ளும்.

7.30. பேரணாம்பட்டு தாண்டியதும் மலைப்பாதை தொடங்குகிறது. முதல் ஐந்தாறு கொண்டை ஊசி வளைவுகளில் மோட்டாரின் உதவி காலுக்கே தெரிந்தது. இரண்டாவது கியரில் திணற வேண்டிய இடத்தில் மூன்றாவதிலேயே ஏறியது. அதற்குள் திரையில் பேட்டரிக் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்துவிட்டன. பிறகு அது சாதாரணச் சின்ன இன்ஜின்தான். முன்னால் கரும்பு லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது, முந்த நினைத்து இரண்டு முறை பின்வாங்கினேன். வி.கோட்டாவில் இட்லியும் காரச் சட்னியும் முப்பத்தைந்து ரூபாய். சமவெளியில் லிட்டருக்கு இருபத்தொன்று காட்டிய மீட்டர், மலைக்குப் பிறகு பதினேழு என்றது.

9.20. வீட்டு வாசலிலிருந்து அக்கா வாசல்வரை நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர். தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேடு வெயிலில் வெளுத்துக் கிடந்தது. மாமா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தயாராக நின்றார். காப்பிகூடக் குடிக்க விடாமல் பானெட்டைத் திறக்கச் சொன்னார். நான் கம்பெனிப் புத்தகத்தைப் படித்துக் காட்டி விளக்கத் தொடங்கினேன். பாதியிலேயே கை காட்டி நிறுத்தினார்.

"கேஜு மாரிதான மச்சான். ஒண்ணு எறங்கசொல்ல அந்த வெயிட்டு இன்னொண்ண மேல இஸ்துக்கினு வரும். இவன் அத்த பேட்டரில வெக்கிறான்."

அவர் நந்திதுர்க் சுரங்கத்தில் ஒயிண்டிங் டிரைவராக இருந்தவர். ஷாஃப்ட் என்னும் செங்குத்துக் குழிக்கு மேலே இன்ஜின் அறையில் உட்கார்ந்து, ஆட்கள் நிற்கும் கூண்டான கேஜை ஆயிரக்கணக்கான அடி இறக்கி ஏற்றும் வேலை. நான்கு மாதம் ஓட்டியும் எனக்குப் புரியாதது அவருக்கு நான்கு நிமிடத்தில் புரிந்ததில் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. பிறகு காலி மைதானத்தில் எட்டுச் சுற்று ஓட்டினார். எங்கேயும் நிறுத்த வேண்டி வரவில்லை. அது தவறு என்று மாலையில்தான் தெரிந்தது.

மாலை 4.00. கவிதா வந்தாள். முப்பத்துநான்கு வயது, பேச்சிலும் நடையிலும் வேகம். பின்சீட்டில் ஏறினாள், நான் முன்னால் உட்கார்ந்தேன், மாமா ஓட்டினார். பங்காருபேட்டை போய்த் திரும்புவது என்று ஏற்பாடு. அவர் ஓட்டியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பள்ளம் வருவதற்கு முன்பே வேகம் குறையும், கியர் மாறுவது தெரியாது. ஆனால் வாய் திறக்கவில்லை. காலையில் எத்தனை மணிக்கு எழுவீர்கள், எக்ஸ்பிரஸ்வே பழக்கமா, நைட் ஷிஃப்ட் வந்தால் முடியுமா என்று அவள் கேட்ட எதற்கும் பதில் இல்லை. கண் சாலையைவிட்டு நகரவில்லை. மூன்றாவது கேள்விக்குப் பிறகு கண்ணாடியில் கவிதாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். திமிர் பிடித்தவர் என்று நினைத்திருப்பாள். நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தேன். நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் வந்தது இதற்குத்தானா என்று எரிச்சலாக வந்தது.

4.35. ரயில்வே கேட் மூடியிருந்தது. நியூட்ரலுக்கு மாற்றினார், கிளட்சை விட்டார், இன்ஜின் அடங்கியது. மரிகுப்பம் போகும் ரயில் கடந்தது. கேட் உயர்ந்தது. எதிர்ப்பக்க வண்டிகள் வரத் தொடங்கின. நாங்கள் மட்டும் நகரவில்லை. மாமா இரண்டு கையும் ஸ்டியரிங்கில் வைத்து நேராகப் பார்த்தபடி இருந்தார். பின்னால் ஹாரன்கள். பைக்கில் வந்த ஒருவர் ஜன்னலருகே நின்று "ஹோக்ரீ சார்", போங்க என்று கன்னடத்தில் கத்திவிட்டுப் போனார். நான் அவர் தோளைத் தொட்டு, "மாமா" என்றேன். திடுக்கிட்டுக் கிளட்சை மிதித்தார். வண்டி கிளம்பியது. அவர் காது மடல் சிவந்திருந்தது. வேலை போய்விட்டது என்று எங்கள் மூவருக்குமே தெரிந்தது.

5.00. பங்காருபேட்டை வந்து பானிபூரி சாப்பிடாமல் திரும்ப முடியாது. தண்ணீர் பளிங்குபோல நிறமே இல்லாமல் இருக்கும், வாயில் வைத்த பிறகுதான் காரம் தெரியும். தட்டு நாற்பது ரூபாய். மூன்று தட்டு வாங்கினேன், மாமாவின் தட்டு அப்படியே இருந்தது. கவிதா தன் தட்டை முடித்துவிட்டு, கோபமில்லாமல்தான் கேட்டாள்.

"அங்கிள், கேட்டுல தூங்கிட்டீங்களா? மனசுல வெச்சுக்காதீங்க. நாங்க மூணு பேரும் உயிர உங்க கைல குடுத்துட்டு ஒக்காரணும், அதான் கேக்குறேன்."

"தூங்கலம்மா" என்றார் மாமா. "வேன்ல நான் இன்ஜின நிறுத்தவே மாட்டேன், ஓடிக்கினே இருக்கும். இதுல தானா நின்னுச்சா. ஆளுங்க உள்ள கீறசொல்ல இன்ஜின் நின்னுச்சுன்னா, கீழருந்து மூணு பெல்லு வரணும். ஏறிட்டோம், கதவப் போட்டுட்டோம்னு அர்த்தம். அது வராம லீவர்ல கை வெச்சா மனுசன் செத்துடுவான். நான் பெல்லுக்குத்தான் காத்துனு இருந்தேன். இன்னா இருந்தாலும் தப்புதான்."

பேசாமல் வந்ததற்கும் அதுதான் காரணம். கேஜில் ஆள் இருக்கும்போது டிரைவரிடம் யாரும் பேசக்கூடாது, அவரும் பேசக்கூடாது. வேனில் பிள்ளைகள் போடும் கூச்சலில்கூட அவர் வாய் திறந்ததில்லையாம். இதை முன்பே சொல்லியிருந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. அவருக்கோ அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

கவிதா தன் காகிதத் தட்டை மடித்தாள். பிறகு, "எங்கப்பா இங்கதான், நந்திதுர்க்ல டே ஷிஃப்ட்டு" என்றாள். "தெனம் எறக்கி ஏத்துறவரு மூஞ்சிய ஒரு நாளும் பாத்ததில்லன்னு சொல்வாரு."

"நானும் யாரையும் பாத்ததில்லம்மா. பெல்லு சத்தம்தான் தெரியும்."

அவளுடைய அப்பா இறந்து ஆறு வருடமாகிறது என்று பின்னால் அக்கா சொன்னாள். அப்போது கவிதா சொன்னதெல்லாம், தோழிகளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்பது மட்டும்தான். அதற்கு என்ன அர்த்தம் என்று வேலை தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும். மாமா காகிதத் தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கை கழுவினார். சாவியை என்னிடம் நீட்டினார். கவிதா, "நீங்களே ஓட்டுங்க அங்கிள்" என்றாள்.

5.50. ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் அருகே ஒரு லாரி குறுக்கே நின்று பின்வாங்கிக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்தினார். இன்ஜின் அடங்கியது. அவர் கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தது, இந்த முறை தவறக்கூடாது என்று கிளட்சின் மேலேயே காலைத் தூக்கி வைத்திருந்தார். லாரி விலகியது. அவர் கால் இறங்குவதற்குள், அவருடைய சீட்டின் முதுகில் பின்னாலிருந்து விரல் முட்டியால் மூன்று தட்டு விழுந்தது. நிதானமாக, இடைவெளி விட்டு.

மாமா கிளட்சை மிதித்தார். வீடு வரும்வரை யாரும் பேசவில்லை. கவிதாவும் எதுவும் கேட்கவில்லை. இறங்கிய பிறகு டிரைவர் பக்கத்து ஜன்னலுக்கு வந்து, "வண்டி வர்ற வரைக்கும் வேற எங்கயும் ஒத்துக்காதீங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மாமா அப்போதும் சாலையைப் பார்த்துத்தான் தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டது அக்கா வாசலுக்கு வந்த பிறகு. நானும் துடைத்துக்கொண்டேன், பானிபூரிக் காரத்தின் மேல் பழியைப் போட்டேன்.

மறுநாள் காலை 7.00 மணிக்குக் கிளம்பினேன். மலையிறக்கத்தில் நான்கு வளைவுக்குள் பேட்டரி நிறைந்துவிட்டது, அதற்குமேல் சேர்க்க அதில் இடமில்லை. வேலூர் வந்து சேர்ந்தபோது மீட்டர் இருபத்திரண்டு காட்டியது. இந்த வண்டியை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: நால்வரோடு மலையேற அவசரப்படாதவர்கள் வாங்கலாம்.

அன்று மாலை காட்பாடி ஸ்டேஷன் வாசல். சுமதி இரண்டு பைகளோடு வந்து ஏறினாள். கதவைச் சாத்தினாள். புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டாள். பெல்ட்டைத் தேடி மாட்டினாள். இதற்கெல்லாம் இவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. இன்ஜின் அணைந்திருந்தது. பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

"என்ன, வண்டி ரிப்பேரா?" என்றாள்.

"இல்ல. நீ சொல்லு, போலாமா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பைகளை மடியில் சரியாக வைத்துக்கொண்டு, "ம், போலாம்" என்றாள்.