மலைக்கு வந்த கோர்ட்

வெர்னா டாக்கெட்டை நான் முதன்முதலில் பார்த்தபோது அவள் கையில் விலங்கு இருந்தது. எங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் கைதிகளைக் கூட்டி வந்து நிறுத்துவதும், ஜட்ஜ் வரும்போது எல்லோரையும் எழச் சொல்வதும் என் வேலை.

மலைமேல் லாரல் ஓடைப் பள்ளிக்கூடத்தில் அவள் சமையல்காரி. மாவு மூட்டை தூக்கியபோது முதுகு பிடித்துக்கொண்டது. டாக்டர் வலி மாத்திரை கொடுத்தார். முதுகு தேறியது, மாத்திரை அவளை விடவில்லை. டாக்டர் நிறுத்திய பிறகு, பக்கத்து வீட்டு ஆர்வில் ஸ்லோன் வீட்டில் கை வைத்தாள். அவர் மனைவி புற்றுநோயில் இறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. துக்க வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு போனவள், அந்த அம்மாளின் மிச்ச மாத்திரைகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அப்போதுதான் எங்கள் ஊரில் போதையில் விழுந்தவர்களுக்கென்று தனி கோர்ட் தொடங்கியிருந்தது. வழக்கை விசாரிக்காமல் நிறுத்தி வைப்பார்கள். சிகிச்சைக்குப் போக வேண்டும், பரிசோதனைக்கு வர வேண்டும், வாரந்தோறும் ஜட்ஜ் முன்னால் நிற்க வேண்டும். முழுதாக முடித்தால் வழக்கு தள்ளுபடி. வெர்னா சம்மதித்தாள். ஆனால் அவளுடைய ஓட்டுநர் உரிமம் பறிபோயிருந்தது, லாரல் ஓடைக்கு பஸ்ஸும் கிடையாது. அடுத்தடுத்து இரண்டு பரிசோதனைகளைத் தவறவிட்டாள். ஜட்ஜ் இமோஜீன் கோம்ஸ் அவளைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"ஏம்மா வரலே?"

"வரக்கூடாதுன்னு இல்லே ஜட்ஜம்மா. கோழித் தீவன லாரி வியாழக்கிழமைதான் கீழே வருது. நீங்க திங்கக்கிழமை கூப்பிடறீங்க."

"லாரிக்காரனுக்காக கோர்ட் நாளை மாத்தச் சொல்றியா?"

"மாத்தினா புண்ணியமாப் போகும்."

பின்வரிசையில் சிரிப்பு. ஜட்ஜ் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை தவறினா ஜெயில்தான்" என்றார்.

கடைசி பெஞ்சில் ஒருவர் எழுந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நான் கூட்டிட்டு வரேன்."

"நீங்க யாரு?"

"திருட்டுக் கொடுத்தவன்."

யோசித்துத்தான் சொல்கிறாரா என்று ஜட்ஜ் கேட்டார்.

"எம் பொண்டாட்டியை கீமோவுக்கு வாரா வாரம் இதே ரோட்டுலதான் கூட்டிட்டு வந்தேன். இப்ப வண்டியும் சும்மா நிக்குது, நானும் சும்மா இருக்கேன்" என்றார் ஆர்வில்.

ஆரம்பத்தில் இருவரும் வண்டியில் வாய் திறக்கவில்லையாம். பனிக்காலத்தில் ஒருநாள் வெர்னா ஆரம்பித்தாள்: "உங்ககிட்ட நான் மன்னிப்பே கேக்கலே."

"கேளு. இந்த வளைவு தாண்டட்டும், வழுக்குது."

வளைவு தாண்டியதும் கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். ஊர் வரும்வரை அழுதுகொண்டே வந்ததாக அவளே என்னிடம் சொன்னாள்.

நடுவில் ஒருமுறை சறுக்கி, மறுபடி மாத்திரை போட்டுக்கொண்டாள். பரிசோதனைக்கு முன்பே தானாகச் சொல்லிவிட்டாள். ஜட்ஜ் அவளை ஜெயிலுக்கு அனுப்பவில்லை. சிகிச்சை இல்லத்தில் தங்க அனுப்பினார். ஞாயிறுதோறும் ஆர்வில் பீன்ஸும் சோள ரொட்டியும் எடுத்துக்கொண்டு பார்க்கப் போனார்.

வழக்கு தள்ளுபடியான அன்று ஏதாவது சொல்ல விரும்புகிறாளா என்று ஜட்ஜ் கேட்டார்.

"ரொம்ப நன்றிம்மா. எனக்கு ஒரு ஆர்வில் கெடைச்சார். மேல எத்தனையோ பேருக்கு அப்படி யாருமில்லே. நீங்களே அங்க வந்தா என்ன?"

"கோர்ட்டைத் தூக்கிட்டா?"

"எங்க தீயணைப்பு நிலையத்துல எடம் இருக்கு. நாற்காலியும் இருக்கு. சாப்பாட்டை நான் பாத்துக்கறேன்."

அரசு வழக்கறிஞர், "கோர்ட் என்ன சர்க்கஸா, ஊர் ஊராப் போக?" என்றார். ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. ஜட்ஜ் விடவில்லை. கடைசியில் அனுமதி வந்தது. இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நாற்காலி போடுகிறோம். முதல் நாளிலேயே உட்கார இடம் போதவில்லை. ஜெயிலில் கிடந்திருக்க வேண்டியவர்கள், வேலை முடிந்து அதே உடுப்போடு வந்து பேசிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

என் தம்பி டெல்பர்ட் இதெல்லாம் வருவதற்கு முன்பே, போதையில் விழுந்து, விசாரணைக்குக் காத்திருந்த ஜெயில் அறையிலேயே செத்துப்போனான். அதை நான் கோர்ட்டில் யாரிடமும் பேசியதில்லை. அந்த முதல் நாள் கூட்டம் கலைந்ததும் வெர்னாவிடம் சொன்னேன். நன்றி என்றும் சொன்னேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவனைப் பத்திச் சொல்லு க்ளெல்" என்றாள்.

நாற்காலிகளை மடிக்காமல் உட்கார்ந்து சொன்னேன்.