ஜோதியின் தலையில் நாற்பத்திரண்டு திரிகள்

1984 மே மாதம், வெள்ளிக்கிழமை, காலை ஆறரை மணி. மெட்ராஸிலிருந்து ஏறக்குறைய ஆயிரத்து நூறு கிலோமீட்டர் கடந்து புனே ஸ்டேஷனில் இறங்கினேன். பாளையங்கோட்டையை விட்டுக் கிளம்பி அது மூன்றாம் நாள். கையில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒரு பாட்டில் நல்லெண்ணெய், காதுக்குள் அம்மாவின் உத்தரவு.

இரண்டு வாரத்தில் எங்கள் தம்பிக்குக் கல்யாணம். புனேயில் ஆறு வருடமாக வேலை பார்க்கும் என் தங்கை ஜோதி, ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். தலை நிறைய, சாமியார்களுக்கு இருப்பதுபோல் சடைத்திரிகள். அம்மா அதைப் பார்த்துவிட்டு, “சீவிப் பின்னுன தலையோட வந்தா வரட்டும். இந்தக் கோலத்துல வாரதா இருந்தா வாசப்படி மிதிக்க வேண்டாம்” என்றாள். அம்மா சொன்னால் சொன்னதுதான். ஜோதி அவளுக்கு மேல். டீச்சர் வேலையில், பள்ளிக்கூட லீவில் இருந்த என்னைத் தூது அனுப்பினார்கள்.

வரிசையில் நின்று, செவ்வாய்க்கிழமை திரும்புவதற்கு இரண்டு பெர்த் போட்டுவிட்டுத்தான் வெளியே வந்தேன். ஸ்டேஷன் டீ அறுபது பைசா, இஞ்சி தூக்கல். கேம்ப் பகுதிக்கு ஆட்டோ இரண்டரை ரூபாய். தெருவின் பெயரைச் சொன்னதும் டிரைவர் திரும்பிப் பார்த்தார். “ஜடாவாலி மேடம் கே கர்?” சடைக்கார அம்மா வீடா என்று கேட்கிறார். எனக்கு அங்கேயே கோபம் ஏறிவிட்டது.

வீட்டுக்கார அம்மாள் சாந்தாபாய்தான் கதவைத் திறந்தாள். ஜோதி அவளுக்குப் பின்னாலிருந்து ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். சுண்டுவிரல் கனத்தில் நாற்பத்திரண்டு திரிகள், தோளைத் தொட்டும் தொடாமலும். சுத்தமாக இருந்தன, வாடை எதுவும் இல்லை. அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன். சாந்தாபாய் பதறிப்போய், “ஹாத் லாவூ நகா” என்று என் கையைத் தடுத்தாள்.

“தொடக்கூடாதாம்க்கா,” என்று சிரித்தாள் ஜோதி. “இங்க சடை விழுந்தா தேவி வந்திருக்கான்னு அர்த்தம். வெட்டுனா குடும்பத்துக்கு ஆகாதாம். நான் சர்ச்சுக்குப் போறவன்னு எத்தனையோ தடவ சொல்லிப் பாத்துட்டேன். தேவிக்கு அதெல்லாம் கணக்கில்லயாம்.”

“நீ என்ன சொல்லுத?”

“பயந்துக்கிட்டு வெட்டாம இருக்கறவங்க பாவம்க்கா. நான் வேணும்னு வச்சது. வேண்டாம்னா நானே வெட்டிருவேன்.”

சனிக்கிழமை, காலை ஆறு மணி. ஜோதிக்குத் தளேகாவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. லோனாவ்லா லோக்கல் ரயிலில் முப்பத்தைந்து கிலோமீட்டர். அன்று அரைநாள்தான் என்பதால் நானும் கூடப் போனேன். முன்பெல்லாம் ஐந்து மணிக்கே எழுந்து, அந்தச் சுருட்டை முடியோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுவாளாம். இப்போது எழுந்தாள், முகம் கழுவினாள், தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து ஒரு உதறு உதறினாள். அவ்வளவுதான். கட்கியும் பிம்ப்ரியும் ஜன்னலில் போய்க்கொண்டிருக்க, அவள் பாடம் நடத்தினாள். கென்யாவிலிருந்து இங்கே படிக்க வந்த தோழி ஒருத்தி நான்கு மாதத்துக்கு முன் கட்டம் கட்டமாக வகிடெடுத்துத் திரித்துவிட்டாளாம். வாரம் ஒரு முறை பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசல், வெயிலில் நன்றாகக் காயவைப்பது, மாதம் ஒரு முறை வேரில் புதிதாக வளர்ந்ததை விரலால் திரிப்பது.

“சீப்பு?”

“கிடையாது.”

“எண்ணெ?”

“அது ஆகவே ஆகாது. முடி ஒண்ணோடொண்ணு பிடிக்கணும். எண்ணெ பட்டா வழுக்கிப் பிரிஞ்சிரும்க்கா.”

கல்யாணப் பேச்சை எடுத்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “தலைய வெளிய வச்சுட்டு வரச் சொன்னா எப்படி வர? நான் வரல.”

ஞாயிறு, பிற்பகல் ஒரு மணி. சர்ச்சுக்குப் போய்வந்த வெயிலில் ஜோதிக்குத் தலைவலி. பாயில் சுருண்டு படுத்துத் தூங்கிவிட்டாள். எங்கள் ஊரில் தலைவலி என்றால் யோசிப்பதில்லை, எண்ணெயைக் காய்ச்சிவிடுவோம். நானும் காய்ச்சினேன். இளஞ்சூட்டில் உச்சியில் விட்டு, விரலால் அரக்கித் தேய்த்தேன். நெற்றியோரத் திரிகள் நெகிழ்ந்து பிரிவது கைக்குத் தெரிந்தது. நான் நிறுத்தவில்லை. பாதி பாசம், பாதி களவு.

எழுந்து கண்ணாடி பார்த்தாள். முன்பக்கம் ஒன்பது திரிகள் அவிழ்ந்திருந்தன. கத்துவாள் என்று பார்த்தேன். வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

“சின்னதுல நீதான் எனக்குத் தல சீவுவ. ஞாபகம் இருக்காக்கா?”

“இருக்கு.”

“ஆட்டாதட்டி, ஆட்டாதட்டின்னு சீப்பாலயே மண்டைல அடிப்ப. முடி கொத்தா வரும். எனக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கலன்னு நீங்க எல்லாரும் நெனச்சீங்க. பள்ளிக்கூடம் பிடிச்சுத்தான் இருந்துச்சு. அதுக்கு முந்துன அரைமணி நேரம்தான் பிடிக்கல. இந்த நாலு மாசமாத்தான் காலைல தலைய நெனச்சுப் பயப்படாம எந்திக்கேன்.”

அப்போது எனக்குப் பதினான்கு வயது, அவளுக்கு ஆறு. எனக்கும் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகும். அந்த ஆத்திரமெல்லாம் அந்தச் சின்னத் தலையில் இறங்கும். இத்தனை வருடம் அதை நான் ஒரு தப்பாகக்கூட நினைத்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள்தான் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

“திருப்பித் திரிக்க என்ன செய்யணும், சொல்லு,” என்றேன்.

சாந்தாபாய் என்னை மராத்தியில் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே பூந்திக்கொட்டையை வெந்நீரில் ஊறவைத்தாள். இரண்டு முறை அலசி எண்ணெயை எடுத்தோம். மாடி வெயிலில் காயவைத்து, ஒன்றொன்றாகத் திரித்தேன். “ஒரே பக்கமா சுத்துக்கா. இறுக்காத,” என்று ஜோதி சொல்லிக்கொடுத்தாள். ஒவ்வொரு திரிக்கும் “வலிக்குதாட்டி?” என்று கேட்டேன். ஒன்பது முறையும் “இல்லக்கா” என்றாள். கடைசித் திரி முடிந்த பிறகும் நான் கையை எடுக்கவில்லை, அவளும் தலையை எடுக்கவில்லை.

செவ்வாய், மாலை. புனே ஸ்டேஷன். ஜோதி லீவு சொல்லிவிட்டு, பையும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஆனால் ஏறுவதாக வாயைத் திறந்து சொல்லவில்லை. இந்த ஊரில் அவள் தலையைப் பார்த்துச் சிலர் கும்பிட்டார்கள், சிலர் சிரித்தார்கள். தன் இஷ்டத்துக்கு அதை மாற்ற முயன்றது, ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தாண்டி வந்த நான் ஒருத்திதான். பிளாட்பாரத்தில் நின்றபோது அதுதான் என்னை உறுத்தியது.

வண்டி வந்து நின்றது.

“அம்மா வாசல்லயே நிறுத்திட்டான்னா?” என்று கேட்டாள்.

காலையில் கேம்ப் தபால் ஆபீசில் கொடுத்த தந்தியைச் சொன்னேன். “ஜோதியுடன் வருகிறேன். தலை அப்படியே இருக்கும். அவளுக்குக் கதவு இல்லையென்றால் எனக்கும் இல்லை.”

ஜோதி பையைத் தோளில் மாட்டினாள். “அதை அம்மாக்கு யாரு வாசிச்சுக் காட்டுவா?”

“தம்பிதான்.”

“பாவம், கல்யாண மாப்பிள்ள,” என்றாள். பிறகு என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு, எனக்கு முன்னால் ஏறினாள்.