இன்னும் பதினோரு நாள்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஒரு செய்தி. மார்கழி முழுக்க மொட்டை மாடியில் யோகா வகுப்பு, காலை ஐந்தரை மணி, பாய் கொண்டுவரவும். அடியில் ஆறு கும்பிடு. கொஞ்ச நேரத்தில் செயலாளரே கதவைத் தட்டினார். "சார், நீங்க ஒரு காலத்துல யோகா மாஸ்டராமே! நீங்களே நடத்துனா நல்லாருக்கும்" என்றார். மூட்டு வலி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எனக்கு மூட்டு வலி கிடையாது. இந்த வயதிலும் சம்மணம் போட்டு ஒரு மணி நேரம் உட்காருவேன்.

அப்புறம் பால் வாங்க லிஃப்டில் இறங்கினேன். யாரோ நீலகிரித் தைலம் தேய்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள், பெட்டி முழுக்க அந்த வாடை. அந்த வாடை என்றால் எனக்குச் செல்வம்தான். பால் வாங்காமலே மேலே வந்துவிட்டேன்.

செல்வமும் நானும் அந்தக் காலத்தில் சிம்மக்கல் பக்கம் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் எதிரெதிர் மேசை. ஒரே வயது. அவனுக்குச் சின்னதிலிருந்தே வீசிங். கார்த்திகை பிறந்தால் கழுத்தில் மஃப்ளர், நெஞ்சில் தைலம், சட்டைப்பையில் இன்ஹேலர். சரக்கு மூட்டையைப் புரட்டினால் போதும், அன்றைக்கு முழுக்க அவன் மூச்சு பூனை போலக் கத்தும். நாங்கள் கிண்டலடிப்போம். அவனும் சேர்ந்து சிரிப்பான். அப்படிப்பட்ட ஆள்.

நான் ஒரு யோகா முகாமுக்குப் போய்ப் பத்தே நாளில் சான்றிதழோடு திரும்பியிருந்தேன். கூடவே ஒரு வெள்ளை ஜிப்பா. பத்து நாள் படித்தவனுக்கு இருக்கிற துணிச்சல் இருக்கிறதே, அது வேறு யாருக்கும் வராது. காளவாசல் பக்கம் ஒரு மைதானத்தில் வகுப்பை ஆரம்பித்தேன். வாத்தியார்கள், பேங்க் கிளார்க்குகள், கோயிலுக்குப் போகிற வழியில் எட்டிப்பார்க்கிற ஒரு பட்டர், செல்வம் என்று இருபது பேர் சேர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எல்லாரும் வண்டியில் கீழக்குயில்குடிக்குப் போய், சமணர் மலை அடிவாரத்தில், தாமரைக் குளத்துக் கரையில் பாய் விரிப்போம்.

அந்தக் கார்த்திகையில் ஊரில் பாதிப்பேர் மாலை போட்டுக் கறுப்பு வேட்டியில் திரிவதைப் பார்த்து எனக்கு ஒரு யோசனை வந்தது. யோகாவும் விரதம்தானே? ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். ஆளுக்கு ஒன்றை விட வேண்டும். முதல் நாள் ஒவ்வொருவராக எழுந்து "விட்டாச்சு" என்று சொல்ல, நாங்கள் கை தட்டினோம். ஒருவர் காபியை விட்டார். ஒருவர் சிகரெட்டை. செல்வம் எழுந்தான். "நான் இழுக்குற மருந்த விட்டுர்றேன்" என்றான். அன்றைக்கு அவனுக்குத்தான் பெரிய கைதட்டல். முதலில் தட்டியவன் நான்.

யோகாவைக் குறை சொல்லவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் மாதம் அவன் ஆபீஸ் படிக்கட்டை இரண்டிரண்டாக ஏறினான். அவன் மனைவி சாந்தி என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "அண்ணே, இப்பத்தான் மனுசன் அசந்து தூங்குறாரு" என்றாள். மருந்தையும் வைத்துக்கொண்டு யோகாவையும் செய்திருந்தால் இன்றைக்கும் அவன் படிக்கட்டு ஏறிக்கொண்டிருப்பான். விடச் சொன்னது யோகா அல்ல, நான்.

மார்கழி பிறந்தது. பனி இறங்க ஆரம்பித்தது. சுற்றுவட்டாரத்தில் கரும்பு வெட்டிக் காய்ந்த சோகையை எரிப்பார்கள், அந்தப் புகை மேலே போகாமல் பனியோடு படுத்துக் கிடக்கும். ஒரு வெள்ளிக்கிழமை ஆபீஸ் பாத்ரூமுக்குள் 'ஸ்ஸ்' என்று சத்தம். செல்வம் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான். அவன் சட்டைப்பையில் கையை விட்டு இன்ஹேலரை எடுத்துக்கொண்டேன். மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னாலும், "நம்ம செல்வம் விரதத்த முறிச்சிட்டாப்ல" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். "அப்ப முதல் நாள்ல இருந்து ஆரம்பிக்கணும்ல!" என்று யாரோ சொன்னார். வழக்கமாகச் சிரிக்கிற செல்வம் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

எல்லாரும் கலைந்த பிறகு தனியாக வந்து கேட்டான். "அதக் குடுத்துரு மாப்ள. இழுக்க மாட்டேன். கையில இருந்தா ஒரு தைரியம்."

"கையில இருந்தா தோணும்டா. தையில தாரேன்."

"சரி, வச்சுக்க" என்றான். என் வீட்டு பீரோவில், ஜிப்பாவுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் ஞாயிறு, முப்பத்தேழாம் நாள். கீழக்குயில்குடியில் மலையே தெரியவில்லை, அப்படிப் பனி. மூச்சுப் பயிற்சி நடக்கும்போது பூனைச் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தேன். செல்வம் பாயில் கையை ஊன்றி முன்னால் சரிந்திருந்தான். ஓடிப்போய் அவன் பக்கத்தில் குனிந்தேன். "முடியல மாப்ள, அதக் குடு" என்றான், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

நான் அவன் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னேன். "மெதுவா இழுத்து விடு. இன்னும் பதினோரு நாள்தான்டா."

சொன்னேன். மூச்சுக்குத் தவிக்கிறவனிடம் நாள் கணக்குச் சொன்னேன்.

உதடு நீலம் பாய்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வண்டியில் நடுவில் உட்கார வைத்துப் பின்னால் ஒருவர் கட்டிப் பிடித்துக்கொள்ள, நான் ஓட்டினேன். பனியில் ரோடு பத்தடிக்கு மேல் தெரியவில்லை. பாதி வழியில் என் தோளில் இருந்த அவன் தலை கனத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர், "இன்ஹேலர் வச்சிருந்தாரா?" என்று கேட்டார். "வீட்டுல இருக்கு சார்" என்றேன். யார் வீட்டில் என்று சொல்லவில்லை.

இதுவரைக்கும் நடந்ததை முட்டாள்தனம் என்று சொல்லிக்கொள்ளலாம். அன்றைக்கு மத்தியானம் செய்ததற்கு என்ன பெயர் வைப்பது? சாவு வீட்டுக் கூட்டத்தில் உள்ளே போய், அவன் கண்ணாடியும் சீப்பும் வைக்கிற ஜன்னல் திண்டில் அந்த இன்ஹேலரை வைத்துவிட்டு வந்தேன். யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் சாந்தி பார்த்தாள். "இங்கனதான இருக்கு! ஞாயித்துக்கெழமன்னா துண்டும் தண்ணியும் நாந்தானண்ணே எடுத்து வைப்பேன். இத வைக்காம விட்டுட்டேனே, பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் வாசல் பந்தலில் நின்றேன். ஒரு வார்த்தை போதும். நாளைக்குச் சொல்லலாம், காரியம் முடியட்டும் என்று தள்ளிப் போட்டேன். காரியம் முடிந்ததும் அவள் வாடிப்பட்டியில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

வகுப்பு அத்தோடு நின்றது. லாரி ஆபீஸ் ஊருக்கு வெளியே போய்விட்டது. தாமரைக் குளத்துக் கரையில் இப்போது கல்யாண ஜோடிகள் போட்டோ எடுக்கிறார்கள்.

போன தையில் ஒருநாள் துணிந்து வாடிப்பட்டிக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வீடு இருந்த இடத்தில் புதிதாகக் கடை எழும்பிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் விசாரித்தேன்.

"சாந்திக்காவா? அது தவறி ரெண்டு வருசமாச்சேண்ணே. நீங்க சொந்தமா?"

"தெரிஞ்சவங்க" என்றேன்.

"நல்ல மனுசி. ஒரே ஒரு கிறுக்கு உண்டு. யாரு வெளிய கெளம்புனாலும் ஓடியாந்து பையத் தொறந்து பாத்துட்டுத்தான் விடும். எம் பிள்ளைக பள்ளிக்கூடம் போகையில கூட. ஏங்க்கா இம்புட்டுப் பாடுன்னு கேட்டா, 'ஒருக்கா பாக்காம விட்டுட்டேன்டி'ங்கும்."