முசியேயின் சீஸ் மேசை

நகர மண்டபத்தில் நாற்காலி, மேசை, திரைச்சீலைகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் அக்கா புருஷனுக்கு வேலை. பிரெஞ்சு கலாசார விழா வந்துவிட்டால் போதும், அவர் பிரெஞ்சுக்காரர் ஆகிவிடுவார். கழுத்தில் ஒரு மஃப்ளர் ஏறும். வேர்த்துக் கொட்டினாலும் இறங்காது. வணக்கத்துக்கு 'பொன்ழூர்' என்பார், நன்றிக்கு 'மெர்சி' என்பார். அதற்கு மேல் ஏதாவது கேட்டால் இருமுவார். மண்டபத்து ஆட்கள் பிரெஞ்சுக்காரர்கள் 'ஐயா' என்பதுபோல 'முசியே' என்று கூப்பிடுவதை மரியாதை என்று நம்பிக்கொண்டிருக்கிறார். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்று சும்மாவா சொன்னார்கள்!

விழாவுக்கு மைக் செட் நான்தான். ஒருமுறை விருந்தாளிகள் எதிரில் ஒரு துண்டு சீஸை வாயில் போட்டுக் கண்ணை மூடி 'ஆகா' என்றவர், அடுத்த நிமிஷம் என் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் வந்து கைக்குட்டையில் துப்பினார்.

அக்காவை அவர் ஒரு விழாவுக்கும் கூட்டிப் போனதில்லை. "அங்க வர்றவங்க எல்லாம் வேற மாதிரி" என்பார். அவருக்குப் பெண்டாட்டி உண்டு என்பதே அங்கே பலருக்குத் தெரியாது. "நாலு பேர் முன்னால இவ என் சம்சாரம்னு ஒரு தடவை சொன்னா போதும்டா தம்பி" என்று அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறாள். அதைத் தவிர அவள் எதையும் கேட்டதில்லை.

போன வருஷ விழாவன்று மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிற பெண் வரவில்லை. உடனே முசியேவுக்குத் தனக்கொரு பெண்டாட்டி இருப்பது ஞாபகம் வந்தது. அக்கா இருப்பதில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்தாள். ஒரு பக்கம் ஓவியங்களை மாட்டிக்கொண்டிருந்தார்கள், இன்னொரு பக்கம் அக்கார்டியன்காரர் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முசியே சாப்பாட்டு மேசையைக் காட்டினார்.

"எல்லாத்தையும் பளிச்சுனு வை. கறை, பூசணம் ஒண்ணும் கண்ணுல படக் கூடாது. பெரிய ஆளுங்க வர்றாங்க."

"ஏங்க, அவங்ககிட்ட என்னையும் காட்டுவீங்கல்ல?"

"முதல்ல வேலையைப் பாரு."

அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டாள், பாவம். பெட்டியைத் திறந்தால் சீஸ் முழுக்க நீலப் பூசணம். அந்த வகை பிரெஞ்சு சீஸ் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னது? புருஷன் மானம் போய்விடுமே என்று பதறி, கத்தியால் நீலத்தையெல்லாம் நோண்டி எடுத்தாள். தோலைச் சீவினாள். தண்ணீரில் இரண்டு தரம் அலசித் தட்டில் அடுக்கி மூடி வைத்தாள். சமையலறையில் புழங்கிய எந்தக் கையும் அதைத்தான் செய்யும்.

சாயங்காலம் கூட்டம். பிரான்சிலிருந்து வந்த சமையல்காரரும் விழாத் தலைவரும் பக்கத்தில் நிற்க, முசியே கையில் மைக்கோடு மூடியைத் தூக்கினார். முகத்தில் ஈயாடவில்லை. சமையல்காரர் குனிந்து பார்த்தார், ஒரு துண்டை எடுத்துத் தின்றார், வயிறு குலுங்கச் சிரித்தார். ஏதோ கேட்டார்.

"இதை யார் செஞ்சதுன்னு கேக்கறார். அவங்களைப் பாக்கணுமாம்" என்றார் தலைவர், அவரும் சிரித்தபடியே. யாருக்கும் கோபமில்லை. அக்கா ஈரக் கையைத் துடைத்து, புடவையைச் சரிசெய்துகொண்டு ஓரடி முன்னால் வந்தாள்.

"யாரோ பாத்திரம் கழுவ வந்த பொம்பளை சார். விவரம் கெட்டது. நாளையிலேருந்து வராது."

என் ஸ்பீக்கரிலேயே அது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. மனுஷனா அவன்? இதற்கு மேல் 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அக்கா அழவில்லை. துணியை மடித்து மேசையில் வைத்தாள். அவனிடம் போய், "வேலை முடிஞ்சுது சார், நான் கிளம்பறேன்" என்றாள். அந்தப் பிறவி தலையை ஆட்டி விடை கொடுத்தது!

மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். "சட்டை எங்கடி?" என்று கத்திக்கொண்டிருந்தான். "தேய்ச்சு மாட்டியிருக்கேன் சார்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. "கேலி பண்றாளா?" என்று என்னைக் கேட்டான். அவள் குரலில் கேலி துளிகூட இல்லை. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு உண்டு, துணி துவைத்தாகிறது, காய்ச்சல் வந்தால் கஞ்சியும் உண்டு. எல்லாம் 'சார்'தான். கத்திப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான்.

இந்த வருஷ விழாவுக்குக் காலையிலேயே அவளுக்குப் புதுப் புடவை வாங்கி வந்து நின்றான். "கிளம்பு. தலைவர்லேருந்து எல்லார்கிட்டயும் இவ என் பொண்டாட்டின்னு சொல்றேன்."

அக்கா அடுப்பைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

"பொய் சொல்லி மாட்டிக்காதீங்க சார்."