பிள்ளைக்காம்பராவின் சீலிங்

குவைத்திலிருந்து அம்மா வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது போன் என் கையிலிருந்து நழுவி மடியில் மல்லாக்க விழுந்தது. நான் எடுப்பதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"சீலிங்கு இன்னும் அப்படியே கருப்பாத்தான் இருக்கா?"

அந்த நொடியில்தான் எனக்குப் பொறி தட்டியது. அம்மா ஒரு மாத லீவில் வருவதற்குப் பத்தொன்பது நாள் இருந்தது. வந்து திரும்பினால் இன்னும் இரண்டு வருடம். அதற்கு அவள் வேலை செய்யும் வீட்டு மேடம் இப்போதே கையெழுத்துக் கேட்கிறாளாம். "வீடு ஒரு நெலைக்கு வரட்டும், அப்புறம் வந்துர்றேன்" என்று நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தரைக்கு டைல்ஸ் போட்டாயிற்று. கதவு மாற்றியாயிற்று. மிச்சம் இருப்பது சீலிங் மட்டும். அதையும் முடித்துவிட்டால் போவதற்கு என்ன காரணம் சொல்வாள்?

எங்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் இந்த வரிசை வீடுகளில், பலகை சீலிங் உள்ள வீடு எங்களுடையது ஒன்றுதான். முன்பு அது பிள்ளைக்காம்பரா. மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போன இடம். தொட்டில் கட்டிய கொக்கிகள் இன்றும் மேலே வரிசையாக நிற்கின்றன. அம்மா குவைத்தில் பார்த்துக்கொள்ளும் குழந்தைக்கு இப்போது மூன்று வயது. அதன் பெயரை நான் இதுவரை கேட்டதில்லை.

மறுநாளே யட்டியாந்தோட்டைக்கு பஸ் ஏறினேன். பெயின்ட் கடை முதலாளி நிதானமான ஆள். "ஹுணுத நங்கி?" என்று சிங்களத்தில் கேட்டார். பழைய பூச்சு சுண்ணாம்பா என்பதுதான் கேள்வி. உள்ளங்கையால் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். வெள்ளையாகக் கையில் ஒட்டினால் சுண்ணாம்பு. அதைச் சுரண்டாமல் பெயின்ட் அடித்தால் நிற்காது. வீட்டுக்கு வந்து மேசை மேல் ஏறி, ஒரு மூலையைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துக் காயவைத்துத் தேய்த்தேன். கை சுத்தமாக இருந்தது. திரும்பவும் பஸ் ஏறிப்போய் சுண்ணாம்பு இல்லை என்று பெருமையாகச் சொல்லி, இமல்ஷன் பெயின்ட் வாங்கி வந்தேன். சீலிங் முழுவதையும் கழுவி, இரண்டு நாளில் இரண்டு பூச்சு. அவ்வளவு வெள்ளையை அந்த வீட்டில் நான் பார்த்ததே இல்லை. கழுத்து வலிக்க அண்ணாந்து நின்று பார்த்தேன். அம்மா வாசலில் பையை வைத்துவிட்டு இதே மாதிரி அண்ணாந்து நிற்பதை நினைத்துக்கொண்டேன்.

அடித்து முடித்த நான்காம் நாள் காலையில் சீலிங் உரிந்தது. தூளாக அல்ல, ஏடு ஏடாக. ஒவ்வொரு கொக்கிக்குப் பக்கத்திலும் ஒரு முழம், இரண்டு முழம் என்று தொங்கியது. பக்கத்து வீட்டுச் சித்தி வாசலில் நின்று நிதானமாகப் பார்த்தாள்.

"என்ன புள்ள, துணி காயப்போட கொடி பத்தலையா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் பன்னிரண்டு நாள்தான்.

அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். மத்தியானம் வேலை முடிந்து வந்தவர் ஒரு ஏட்டைப் பிடித்து இழுத்தார். அது அறுபடாமல் நீண்டது. முகர்ந்து பார்த்தார்.

"இது நான் ஊத்துன பாலு."

நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் தீபாவளிக்குத் தீபாவளி சுண்ணாம்பு அடிக்கும்போது, வாளிக்கு ஒரு சிரட்டை ரப்பர் பால் கலப்பாராம். லயத்தில் எல்லாரும் அப்படித்தானாம். சாய்ந்தால் சட்டையில் வெள்ளை ஒட்டாது, அதற்காக. என் கையிலும் அதனால்தான் ஒட்டவில்லை. வருடக்கணக்காகப் பாலும் சுண்ணாம்பும் புகையும் அடுக்கடுக்காகத் தோலாகியிருக்கின்றன. மேலே அடித்த பெயின்ட் காயக் காய இறுகி, அந்தத் தோலையே பிடித்து இழுத்துவிட்டது.

"ஏம்ப்பா முன்னாடியே சொல்லல?"

"நீ எங்க கேட்ட? கடைக்குப் பறந்துகிட்டுல்ல போன."

பிறகு ஏட்டைச் சுருட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "சீலிங்கு வெள்ளையானா அம்மா நின்னுருவான்னு நெனச்சியா?"

அவரும் அதை நினைத்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. டைல்ஸ் போட்டபோது ஒரு பெட்டியைக்கூட ஆள் தூக்க விடாமல் எல்லாவற்றையும் அவரே சுமந்தார்.

நேற்று முழுக்க இருவரும் உரித்தோம். உரியாத இடங்களை வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டினோம். அறையில் மூன்றில் ஒரு பங்கு பலகை வெளியே வந்திருக்கிறது. முதலாளியிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, முதலில் சீலர் என்ற அடிப்பூச்சை அடித்து இரண்டு நாள் காயவிடச் சொன்னார். அதுவும் ஒரு முழம் மட்டும். அதன் மேல் பெயின்ட் அடித்து, காய்ந்ததும் செலோடேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுக்க வேண்டும். டேப்பில் ஒன்றும் வராவிட்டால் மற்ற இடத்தைத் தொடலாம்.

நாளைக் காலையில் கதவுக்கு மேலே அந்த ஒரு முழத்தை அடிக்கப்போகிறேன். அது காய்கிற நாட்களில் இன்னொன்றும் செய்ய வேண்டும். அம்மாவிடம் இதுவரை வீட்டைப் பற்றி மட்டும்தான் பேசியிருக்கிறேன். கையெழுத்துப் போடாதே என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை அவளுக்கு ஓய்வு. அன்றைக்குச் சொல்லிப் பார்க்கப்போகிறேன்.